ஒரே அமர்வு, இரண்டு பெயர்கள், காணாமற்போன பிரஜாவுரிமைப் பத்திரம்: அரச பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் சகோதரிக்கு ஒரு பதில்

பொகவந்தலாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரி கேட்டது இதுதான். அவருக்கு வயது 29. முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் தரம் மூன்றுக்கான திறந்த போட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார். பிறப்புச் சான்றிதழில் பெயர் ‘விஜயலெட்சுமி’ என்று இருக்கிறது. தேசிய அடையாள அட்டையிலோ தந்தையின் பெயர் முன்னால் சேர்ந்து ‘விஜயலட்சுமி’ என்று இருக்கிறது. தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் வீட்டில் இல்லை. பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் ‘இந்தியத் தமிழர்’ என்று எழுதப்பட்டிருப்பதும் அவருக்குப் பயமாக இருக்கிறது. இவ்வளவையும் விரிவாக எழுதிவிட்டு, இடையில் ஒரு வரியில், 2012இல் சாதாரண தரம் எழுதியபோது கணிதத்தில் எஸ் (சாதாரண சித்தி) மட்டும் கிடைத்ததால் 2013இல் மீண்டும் எழுதி சீ (திறமைச் சித்தி) எடுத்ததாகவும், உயர்தரத்தில் மூன்று பாடங்களும் 2015இல் ஒரே தடவையில் சித்தியடைந்ததாகவும் சொல்லியிருக்கிறார். “நான் விண்ணப்பிக்கலாமா, அல்லது பரீட்சைக் கட்டணத்தை வீணாக்காமல் இருப்பதே நல்லதா?” என்பது அவருடைய கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அந்தப் பதவிக்குத் தேவையான தகைமை உங்களிடம் இருக்கிறதா என்பது ஒன்று. இருக்கும் தகைமை உங்களுடையதுதான் என்பதை உங்கள் பத்திரங்கள் காட்டுமா என்பது மற்றது. பத்திரக் குறை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. காலமும் அலைச்சலும் எடுக்கும், அவ்வளவுதான். தகைமைக் குறை அப்படியல்ல. விண்ணப்ப முடிவுத் திகதியன்று அது இல்லையென்றால், அதன் பிறகு எந்தக் கடிதத்தாலும் அதை உண்டாக்க முடியாது. நீங்கள் பக்கம் பக்கமாக அஞ்சியிருப்பது பத்திரங்களைப் பற்றி. ஒரு வரியில் கடந்துபோன சாதாரண தரப் பெறுபேறுதான் தகைமையைப் பற்றியது. அதனால் என்னுடைய பதிலை அந்த ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

மலையகத்தின் பிரதேச செயலகங்களில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதில் நீண்ட காலம் தாபனக் கிளையில் இருந்தேன். ஆட்சேர்ப்பு நேர்முகப் பரீட்சைகளில் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் மேசையிலும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். சட்டத்தரணி அல்ல. உங்கள் பத்திரங்களையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். வர்த்தமானி அறிவித்தலில் உள்ள சொல்லுக்கும் நான் சொல்வதற்கும் எங்காவது முரண்பாடு இருந்தால் வர்த்தமானியையே பின்பற்றுங்கள்.

அந்த மேசையில் நடந்த ஒன்றை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுடைய நிலை அதற்கு மிக அருகில் இருக்கிறது. மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளிகள் எடுத்து நேர்முகத்துக்கு வந்திருந்தார். நீல நிறக் கோவையில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையில் வெள்ளைத் தாள் வைத்திருந்தார். பிறப்புச் சான்றிதழ் சரி, அடையாள அட்டை சரி, உயர்தரம் சரி. சாதாரண தரத்துக்கு அவர் இரண்டு பெறுபேற்றுத் தாள்களை நீட்டினார். அறிவித்தல் ஒரே அமர்வில், அதாவது ஒரே தடவை எழுதிய பரீட்சையில், சித்தியடைந்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தது. முதல் தாளில் ஆறு பாடங்கள் இருந்தன, கணிதத்தில் திறமைச் சித்தி இல்லை. இரண்டாவது தாளில் கணிதத்துக்குத் திறமைச் சித்தி இருந்தது, ஆனால் அந்தத் தாளில் இருந்ததே இரண்டு பாடங்கள்தான். “பரீட்சைக்கு அனுமதி அட்டை அனுப்பினீர்களே, அப்படியென்றால் என்னை ஏற்றுக்கொண்டதாகத்தானே அர்த்தம்?” என்று அவர் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேர்முகச் சபையின் தலைவர்தான் அறிவித்தலை எடுத்து, அனுமதி அட்டை கிடைத்ததால் மட்டும் ஒருவர் தகைமையுடையவராகக் கருதப்பட மாட்டார் என்று சொல்லும் பந்தியைக் காட்டினார். அந்தப் பந்தி ஏறத்தாழ எல்லா அறிவித்தல்களிலும் உண்டு. பரீட்சைத் திணைக்களம் பரீட்சையை நடத்துகிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியதை நம்பி அனுமதி அட்டையை அனுப்புகிறது. தகைமையைச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பிறகு, நேர்முகத்தில்தான். அந்தத் தம்பி படித்த இரவுகளும் பஸ்ஸுக்குச் செலவழித்த பணமும் அறிவித்தலின் ஒரு சொல்லை விண்ணப்பிக்கும்போதே நிறுத்தி வாசிக்காததால் போயின.

இப்போது உங்கள் தாளுக்கு வருவோம். நீங்கள் குறிப்பிட்ட அறிவித்தல், சாதாரண தரத்தில் மொழி, கணிதம், மேலும் இரண்டு பாடங்கள் ஆகிய நான்கில் திறமைச் சித்தியுடன் ஆறு பாடங்களில் ஒரே அமர்வில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். திறமைச் சித்தி என்பது சீ அல்லது அதற்கு மேலானது. பீ, ஏ ஆகியவையும் இதில் அடங்கும். எஸ் சாதாரண சித்தி மட்டுமே. ‘ஒரே அமர்வில்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு: ஒரு வருடத்தில் ஒரு தடவை நடந்த பரீட்சையின் ஒரு பெறுபேற்றுத் தாள் தனியாக நின்று அந்த நிபந்தனை முழுவதையும் நிறைவேற்ற வேண்டும். இரண்டு தாள்களில் உள்ள நல்ல பெறுபேறுகளைப் பொறுக்கிச் சேர்க்க முடியாது. உங்கள் 2012 தாள் கணிதத்தில் எஸ் என்பதால் தனியாக நிற்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் 2013இல் நீங்கள் எத்தனை பாடங்கள் எழுதினீர்கள் என்பதைச் சொல்லவில்லை. எல்லாமே அதில்தான் தங்கியிருக்கிறது. கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் மட்டும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதியிருந்தால், 2013 தாளும் தனியாக நிற்காது. இந்தப் பரீட்சைக்கு உங்களுக்குத் தகைமை இல்லை. மாறாக, எல்லாப் பாடங்களையும் திரும்ப எழுதி, அந்தத் தாளிலேயே ஆறு பாடங்களும் தமிழ், கணிதம் உள்ளிட்ட நான்கு திறமைச் சித்திகளும் இருந்தால், 2012ஐ முழுவதுமாக மறந்துவிட்டு 2013 தாளை மட்டும் காட்டி விண்ணப்பிக்கலாம். முன்னர் ஒரு தடவை எழுதியது குற்றமல்ல. எத்தனையாவது தடவை என்று யாரும் கேட்பதும் இல்லை. ஒரு அமர்வு முழுமையாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விண்ணப்பப் படிவத்தில் வருடமும் சுட்டெண்ணும் கேட்கும் இடத்தில் அந்த ஒரு அமர்வின் விபரத்தை மட்டுமே எழுதுங்கள். இரண்டு அமர்வுகளையும் கலந்து ஒரே அமர்வு போல எழுதும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பொய்யான தகவல் தெரியவந்தால் எந்தக் கட்டத்திலும் நீக்கலாம் என்று அறிவித்தலிலேயே உண்டு. நியமனம் பெற்ற பிறகு தெரியவந்தாலும் வேலை போகும்.

உயர்தரத்தில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. மூன்று பாடங்களும் ஒரே அமர்வில் சித்தி என்பதே போதும். வயதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். இந்தச் சேவையின் திறந்த பரீட்சைக்கு இதுவரை 18 வயதுக்குக் குறையாமலும் 30 வயதுக்கு மேற்படாமலும் என்றே கேட்டிருக்கிறார்கள். அது பரீட்சை நடக்கும் நாளுக்கோ நியமனம் கிடைக்கும் நாளுக்கோ உரிய வயது அல்ல. விண்ணப்பம் ஏற்கப்படும் இறுதித் திகதிக்கு உரிய வயது. பல அறிவித்தல்களில் எந்தத் திகதிக்கும் எந்தத் திகதிக்கும் இடையில் பிறந்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று நேரடியாகவே எழுதியிருப்பார்கள். உங்கள் பிறந்த திகதியை அந்த இரண்டு திகதிகளுக்கும் இடையில் வைத்துப் பாருங்கள், மனக்கணக்குப் போடாதீர்கள். பட்டதாரிகளுக்கான பதவிகளிலும் இதே விதிதான். பட்டமளிப்பு விழா நடந்த நாளை யாரும் பார்ப்பதில்லை. பட்டம் செல்லுபடியாகும் திகதி என்று சான்றிதழில் உள்ள நாள் முடிவுத் திகதிக்கு முன்னதாக இருக்கிறதா என்பதையே பார்ப்பார்கள்.

வயதைச் சொன்னதால் அடையாள அட்டை இலக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் வருவதை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது; எந்த வருடமானாலும் பெப்ரவரியை 29 நாளாகவே எடுத்து எண்ணுவார்கள். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 1996 மார்ச் 12ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டால், ஜனவரி 31, பெப்ரவரி 29, மார்ச் 12, ஆக 72ஆவது நாள். 500ஐக் கூட்டினால் 572. அவருடைய இலக்கம் 96572 என்று தொடங்க வேண்டும். உங்கள் இலக்கத்தையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிள்ளை பிறந்து பல மாதங்கள் கழித்துப் பதிவு செய்த குடும்பங்களில் பாடசாலைச் சேர்வு இடாப்பில் ஒரு திகதியும் பிறப்புப் பதிவில் வேறொரு திகதியும் இருப்பதுண்டு. திகதி வேறுபாடு பெயர் வேறுபாட்டைப் போல எளிதானதல்ல, ஏனென்றால் அது வயதெல்லையைத் தொடுகிறது. அப்படி ஏதும் இருந்தால் சத்தியக் கடதாசியால் மூட முயலாமல், அடையாள அட்டையைத் திருத்துவதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வயதுக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

இனிப் பெயர். உங்களுடைய வேறுபாடு மலையகத்தில் பாதிப் பேருக்கு இருக்கும் வேறுபாடு. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் பெற்றோர் சொன்ன பெயரைத் தோட்டக் கிளாக்கர் ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதுவார். அதைப் பார்த்துப் பதிவாளர் சிங்களத்தில் எழுதுவார். பிறகு அடையாள அட்டைக்குப் பாடசாலையில் தமிழில் நிரப்புவார்கள். ஒரு பெயர் மூன்று மொழிகளுக்கூடாகப் போய்த் திரும்பி வரும்போது ‘லெ’ ‘ல’ ஆவதும், ‘முத்தையா’ ‘முத்தய்யா’ ஆவதும் இயல்பு. நேர்முக மேசையில் உட்காருபவர்களுக்கு, குறிப்பாக நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு, இது புதிதல்ல. எழுத்து வேறுபாடு, தந்தையின் பெயர் முன்னால் சேர்ந்திருப்பது அல்லது முதலெழுத்தாகச் சுருங்கியிருப்பது ஆகிய இரண்டையும் பொதுவாக ஒரு சத்தியக் கடதாசியும், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கின்றன என்று கிராம உத்தியோகத்தர் எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட ஒரு கடிதமும் தீர்த்துவிடும். பொதுவாக என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதை ஏற்பதும் மேலும் ஆதாரம் கேட்பதும் நேர்முகச் சபையின் தீர்மானம்; எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கும் என்று நான் உறுதியளிக்க மாட்டேன். நான் இருந்த மேசைகளில் எழுத்து வேறுபாட்டுக்காக மட்டும் ஒருவரைத் திருப்பி அனுப்பியதில்லை. மேலும் ஆதாரம் கொண்டுவர ஒரு கிழமை தவணை கொடுத்ததுண்டு.

சத்தியக் கடதாசியை எழுதும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சாதாரண தரச் சான்றிதழில் மூன்றாவது ஒரு பெயர் என்று இருக்கும். சத்தியக் கடதாசியில் இரண்டை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதன் இலக்கத்தோடும் திகதியோடும் அதில் எழுதச் சொல்லுங்கள். விவாகமானவர் என்றால் விவாகச் சான்றிதழையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள், ஏனென்றால் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையாளர் ஒப்பிட்டுப் பார்க்கப்போவது அந்த அட்டையோடுதான். விண்ணப்பித்த பிறகு, பரீட்சை முடியும் வரை, பெயர் திருத்துவதற்காக அட்டையை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்காதீர்கள். செல்லுபடியாகும் கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப்பத்திரமோ இருந்தால் மட்டும் அந்தக் கவலை இல்லை.

உங்களுடையதைவிடக் கடினமான ஒரு நிலையும் உண்டு; இதை வாசிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுதும் கூட்டில் ஒரு சிறு கோடு மட்டும் இருந்தது. பிறந்தபோது பெயர் வைக்கவில்லை, பிறகு சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெளியே நின்ற அவருடைய அப்பா, பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட கிளினிக் அட்டையை, மடிப்புகள் கிழிந்த நிலையில், பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அந்த அட்டையில் பெயர் இருந்தது. இப்படியான நிலையில் சத்தியக் கடதாசி போதாது. பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பெயரைச் சேர்ப்பதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பாடசாலைச் சேர்வு இடாப்பின் பிரதி, கிளினிக் அட்டை, பெற்றோரின் விவாகச் சான்றிதழ் போன்றவை அங்கே உதவும். பிறப்பே பதிவாகவில்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கும் வழியில்லாதபோதே உத்தேச வயதுச் சான்றிதழ். இவற்றுக்கு மாதக்கணக்கில் எடுக்கும். வர்த்தமானி வந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் நேரம் போதாது. உயர்தரம் எழுதும் வயதிலேயே ஒவ்வொரு வீட்டிலும் இதைப் பார்த்து வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

அடுத்தது உங்களை அதிகம் வருத்தும் பிரஜாவுரிமைப் பத்திரம். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பாட்டியும் அந்தப் பத்திரத்தைத் தகரப் பெட்டியின் அடியில் சேலைக்குள் சுற்றி வைத்திருந்தார். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம்மவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949இன் சட்டம் ஒரு சிறு பகுதியினருக்கே வழி திறந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். 1988இன் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003இன் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகுதான் அந்தக் கதை சட்டத்தில் முடிவுக்கு வந்தது. ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் இங்கே, இல்லாவிட்டால் கப்பல் என்று வாழ்ந்த மக்களுக்கு, அந்தக் காகிதம் காணவில்லை என்பது இன்றும் நெஞ்சைப் பிடிக்கத்தான் செய்யும்.

ஆனாலும் உங்கள் விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை. அறிவித்தல் கேட்பது இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும் என்பதை மட்டுமே. தாத்தாவின் பத்திரத்தை நேர்முகத்தில் கேட்டதை நான் ஒருபோதும் கண்டதில்லை. தேசிய அடையாள அட்டை வழங்கப்படுவதே இலங்கைப் பிரஜைகளுக்குத்தான். உங்களிடம் அது இருக்கிறது, உங்கள் குடும்பம் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) இருக்கிறது. வம்சாவளிப் பிரஜையா (பெற்றோர் வழியாக வந்ததா), பதிவுப் பிரஜையா (பதிவு செய்து பெற்றதா) என்ற கேள்வி எழுந்தாலும், அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரையின் மூன்றாம் உபபிரிவு, பிரஜாவுரிமை எந்த முறையில் கிடைத்தது என்பதை வைத்துப் பிரஜைகளுக்கிடையில் எந்த நோக்கத்துக்காகவும் வேறுபாடு காட்டக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. இனம் என்ற கூட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருப்பது இனத்தைக் குறிக்கும் சொல், பிரஜாவுரிமையைக் குறிக்கும் சொல் அல்ல. விண்ணப்பத்தில் இனம் கேட்டால் உங்கள் பிறப்புச் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள். மாற்றி எழுதினால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையில் பிறந்தவர்களா என்று கேட்கும் கூடுகள் நம்மவர்களுக்கு வெறுமையாகவோ கோடாகவோ இருக்கும். அதைக் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒருவருடைய பெற்றோரின் பிரஜாவுரிமையே உண்மையில் பதிவாகாமல் இருந்தால் அது வேறு விடயம். அதற்குச் சட்டத்தரணி ஒருவரிடமே போக வேண்டும்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வி அடுத்ததாக வரும். தமிழில் பரீட்சை எழுதுவது சலுகை அல்ல. அரச சேவைக்கு ஆட்சேர்க்கும் பரீட்சையைச் சிங்களத்திலோ தமிழிலோ எழுதும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி என்பது நியமனம் கிடைத்த பிறகு, குறிப்பிட்ட காலத்துக்குள் பெற வேண்டியது. விண்ணப்பிப்பதற்கு அது தடையல்ல. விண்ணப்பத்தில் தெரிவு செய்த மொழிமூலத்தைப் பிறகு மாற்ற விடமாட்டார்கள், அதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

2013 தாள் நிற்கிறது என்று தெரிந்து நீங்கள் விண்ணப்பித்தால், இப்போது பெரும்பாலும் இணையத்தின் ஊடாகவே அது நடக்கும். நம் ஊர்களில் பலர் டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடையில் கொடுத்து நிரப்புகிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் கடைக்காரத் தம்பியின் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் போட விடாதீர்கள். பரீட்சைத் திணைக்களம் அனுப்பும் குறுஞ்செய்தி யாரோ ஒருவருக்குப் போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன் திரையில் உள்ள அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொரு எண்ணாக வாசித்துப் பாருங்கள். கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டையும் விண்ணப்பத்தின் பிரதியையும் வைத்திருங்கள். அச்சிட்டு அனுப்பச் சொல்லியிருந்தால் பதிவுத் தபாலிலேயே அனுப்பி, தபாற்கந்தோர் தரும் துண்டை அந்தப் பிரதியோடு ஊசியால் குத்தி வையுங்கள். அனுமதி அட்டை வராவிட்டால் நீங்கள் காட்டக்கூடியது அது ஒன்றுதான். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்த அரச பாடசாலை அதிபர், சமாதான நீதவான், சத்தியப் பிரமாண ஆணையாளர், சட்டத்தரணி போன்றோரிடம் போகலாம். யாரிடம் போகலாம் என்ற பட்டியல் அறிவித்தலிலேயே இருக்கும். தோட்ட முகவரிக்கு வரும் கடிதங்கள் காரியாலயத்தில் கிடந்து தாமதமாவது நம் பழைய துயரம். முடிந்தால் டவுனில் உள்ள நம்பிக்கையான ஒரு வீட்டு முகவரியைத் தபால் முகவரியாகக் கொடுங்கள். நிரந்தர முகவரி உங்கள் தோட்டத்து முகவரியாகவே இருக்கட்டும். மூலச் சான்றிதழ்களை ஒருபோதும் தபாலில் அனுப்பாதீர்கள், அவை நேர்முகத்துக்குக் கையில் கொண்டுபோக வேண்டியவை.

2013இல் இரண்டு பாடங்கள் மட்டும்தான் என்றால், இந்தப் பரீட்சைக்குக் கட்டணம் கட்ட வேண்டாம் என்பதே என் பதில். அதைச் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆறு பாடங்களையும் மறுபடி ஒரே அமர்வில் எழுதினால் தகைமை வரும்; ஆனால் பெறுபேறு வருவதற்குள் உங்களுக்கு 30 கடந்துவிடும், அதனால் இந்தச் சேவைக்கு அது பெரும்பாலும் உதவாது. வயதெல்லை கூடிய பதவிகளுக்கு உதவும். கிராம உத்தியோகத்தர் பதவிக்கு முன்னைய அறிவித்தல்களில் 21 வயதிலிருந்து 35 வரை ஏற்றிருக்கிறார்கள். சாதாரண தரத்தை இரண்டு அமர்வுகளுக்கு மேற்படாமல் சித்தியடைந்திருந்தால் போதும் என்று சொல்லும் அறிவித்தல்களும் மத்திய அரசிலும் மாகாணத்திலும் வருவதுண்டு. உங்கள் இரண்டு தாள்களும் சேர்ந்து பயன்படுவது அங்கேதான். வெள்ளிக்கிழமை தோறும் வரும் வர்த்தமானியின் பதவி வெற்றிடப் பகுதியையும் மத்திய மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் தொடர்ந்து பாருங்கள். முகப்புத்தகத்தில் யாரோ சுருக்கி எழுதிய பதிவில் ‘அமர்வு’ என்ற சொல்லே பெரும்பாலும் விடுபட்டுப் போயிருக்கும்.

கிராம உத்தியோகத்தர், மாகாணப் பதவிகள் போன்றவற்றில் வதிவிடம் கேட்பார்கள். இதில் நம் பகுதிக்கு ஒரு புதிய சிக்கல் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் முன்பு ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. அவை பிரிக்கப்பட்டு இப்போது பத்து. அம்பகமுவையிலிருந்து நோர்வூட் பிரிந்தது, நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை பிரிந்தது. பழைய பத்திரங்களில் ஒரு பிரிவும் புதிய கடிதங்களில் வேறொரு பிரிவும் இருப்பதால், வீடு மாறாமலேயே வீடு மாறியவர் போல நீங்கள் தோன்றக்கூடும். உங்கள் கிராம உத்தியோகத்தர் பிரிவு இப்போது எந்தச் செயலகத்தின் கீழ் வருகிறது என்று கேட்டு, முன்னர் எதன் கீழ் இருந்தது என்பதையும் சேர்த்து வதிவிடச் சான்றிதழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தேருநர் இடாப்பின் பிரதியை வருடவாரியாக எடுத்து வைப்பது அதற்குப் பலமான துணை.

ஆகவே இந்தக் கிழமை செய்ய வேண்டியது இவ்வளவுதான்: 2013 பெறுபேற்றுத் தாளை எடுத்துப் பாடங்களை எண்ணிப் பாருங்கள், அடையாள அட்டை இலக்கத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பெயர்க் கடிதத்துக்குக் கிராம உத்தியோகத்தரிடம் அவர் காரியாலயத்தில் இருக்கும் நாளில் போங்கள், ஏனென்றால் நீங்கள் எந்தப் பதவிக்கு விண்ணப்பித்தாலும் அந்தக் கடிதம் தேவைப்படும். 2013 தாளில் உள்ள பாடங்களையும் ஒவ்வொன்றின் பெறுபேற்றையும் இங்கேயே எழுதினால், அது தனியாக நிற்குமா என்பதை முடிவுத் திகதிக்கு முன் பார்த்துச் சொல்கிறேன்.